மோட்டார் சைக்கிள் சார்ஜிங் ஒயரிங் பழுதும் கிரிம்பிங் கருவித் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லி வருபவர்களில் பலர், பேட்டரி, காயில், ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அலுத்த பிறகுதான் ஒயரிங் பக்கம் திரும்புகிறார்கள். அவர்களிடமிருந்து மீண்டும் மீண்டும் வந்த சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இங்குள்ள அளவுகள் அனைத்தும் 12 வோல்ட் அமைப்புக்கு உரியவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு வேறு அளவு சொன்னால், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜிங் சிஸ்டம் என்றால் எது எது? பேட்டரியைத் தவிர அதில் என்ன இருக்கிறது?

எஞ்சின் ஓடும்போது கிராங்க் தண்டின் முனையில் உள்ள காந்தச் சக்கரம் சுழல்கிறது. அதற்குள் அசையாமல் இருக்கும் செம்புச் சுருள்தான் ஸ்டேட்டர். மெக்கானிக்குகள் மேக்னெட் காயில் என்று சொல்வது இதைத்தான். அதிலிருந்து வரும் ஏசி மின்சாரம் ரெகுலேட்டர் ரெக்டிஃபையருக்கு, அதாவது ஆர்ஆர் யூனிட்டுக்குச் செல்கிறது. அது ஏசியை டிசியாக மாற்றி, வோல்ட்டேஜ் எல்லை மீறாமல் கட்டுப்படுத்தி, மெயின் ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு அனுப்புகிறது.

இவற்றை இணைக்கும் ஒயர், கப்ளர் (ஒயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பான்), கப்ளருக்குள் இருக்கும் பின் (உலோக முனை), எர்த் போல்ட் ஆகிய அனைத்தையும் சிஸ்டத்தின் உறுப்புகளாகவே கருத வேண்டும். ஸ்டேட்டர் கொடுக்கும் மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறிய பின்களின் வழியாகத்தான் போகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பதில்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

புது பேட்டரி போட்டும் கொஞ்ச நாளில் மறுபடி இறங்கிவிடுகிறது. பேட்டரியே மட்டமா?

அளந்து பார்க்காமல் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு, முழு சார்ஜ் உள்ள லெட் ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலேட்டரை 4000 அல்லது 5000 ஆர்பிஎம் வரை கொடுத்தால், பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். ஆர்பிஎம் ஏறியும் 13-க்குக் கீழேயே நிற்கிறது என்றால், பேட்டரிக்கு வர வேண்டியது வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் எத்தனை புது பேட்டரி போட்டாலும் அதே கதைதான்.

மீட்டரின் முனைகளை ஒயரின் லக் (ஒயர் முனையிலுள்ள உலோக வளையம்) மீதோ போல்ட் மீதோ வைக்காமல், பேட்டரியின் ஈய முனை மீதே வைத்து அளக்க வேண்டும். லக்குக்கும் முனைக்கும் இடையிலேயே லூஸ் காண்டாக்ட் இருந்தால், போல்ட் மீது வைக்கும் மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது.

பழுது ஸ்டேட்டரிலா, ஆர்ஆர் யூனிட்டிலா, ஒயரிங்கிலா? பொருள் வாங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டேட்டரிலிருந்து தொடங்குங்கள். எஞ்சினை நிறுத்தி அதன் கப்ளரைக் கழற்றுங்கள். மூன்று ஃபேஸ் வண்டியாக இருந்தால் மூன்று ஒயர்கள் இருக்கும். அவற்றை இரண்டிரண்டாக மீட்டரில் வைத்து ஓம் அளவு பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது 1 ஓமுக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால், மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்து, அப்போது தெரியும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று அளவுகளும் ஒத்திருக்க வேண்டும். எந்த ஒயருக்கும் எஞ்சின் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சில சிறிய வண்டிகளின் ஒற்றை ஃபேஸ் சுருளில் ஒரு முனையை எர்த் செய்திருப்பார்கள். அவற்றுக்கு இந்தக் கடைசி விதி பொருந்தாது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, அதே மூன்று இணைகளையும் 5000 ஆர்பிஎம் அளவில் பாருங்கள். பல வண்டிகளில் 50 வோல்ட்டுக்கு மேல் வரும். கையேட்டிலுள்ள அளவை எட்டுவதும், மூன்று இணைகளும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதும் முக்கியம். இந்தச் சோதனையின்போது திறந்திருக்கும் பின்களைக் கையால் தொடாதீர்கள். அது ஷாக் அடிக்கும் அளவுக்கான வோல்ட்டேஜ்.

ஸ்டேட்டர் தேறிவிட்டால், கப்ளரை மாட்டிவிட்டு ஒயரிங்கைச் சோதியுங்கள். ஓம் அளவு இங்கே உதவாது. 0.05 ஓம் போன்ற சிறிய தடையைச் சாதாரண மீட்டரால் நம்பகமாக அளக்க முடியாது. மின்னோட்டம் பாயாத நிலையில் கருகிய பின்கூட நல்ல பின்னைப் போலவே அளவு காட்டும். அதனால் ஓடும் நிலையில் வோல்ட்டேஜ் இழப்பை அளக்க வேண்டும். எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆர்ஆர் யூனிட்டின் பாசிட்டிவ் ஒயரில் கப்ளரின் பின்பக்கமாகச் செருகி, மறு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் வழி நன்றாக இருக்கிறது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால், இடையில் ஏதோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. ஆர்ஆர் யூனிட்டின் எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையிலும் இதையே செய்யுங்கள். எர்த் பக்கத்தைச் சோதிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

ஸ்டேட்டர் சரி, இரு பக்க ஒயரிங்கும் சரி, ஸ்டேட்டர் கப்ளரிலும் கருகல் இல்லை, ஆனாலும் பேட்டரியில் 13 வோல்ட் தாண்டவில்லை என்றால், அப்போது ஆர்ஆர் யூனிட்டை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

ஒயரெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கப்ளர் மட்டும் ஏன் கருகுகிறது?

கப்ளருக்குள் ஆண் பின்னும் பெண் பின்னும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பது பெண் பின்னின் வளைந்த தகட்டிலுள்ள ஸ்பிரிங் விசையால்தான். அதிர்வாலும் ஈரத்தாலும் அந்தத் தொடர்புப் பரப்பில் மெல்லிய ஆக்சைடு படிந்து, தடை 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 15 ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது 1.5 வோல்ட் அங்கேயே தொலைகிறது, 22.5 வாட் வெப்பம் அந்தச் சின்ன இடத்தில் உண்டாகிறது. அந்த வெப்பத்தில் தகடு தன் ஸ்பிரிங் விசையை இழக்கிறது. விசை குறைந்தால் தொடர்பு தளர்கிறது, தளர்ந்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் வெப்பம் இன்னும் ஏறுகிறது. தொடங்கிய பிறகு இது தானாக நிற்பதில்லை.

கழற்றிப் பார்த்தால் வரலாறு முழுவதும் அதிலேயே தெரியும். வெள்ளைக் கப்ளரில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு ஏறியிருக்கும்; அந்தத் துளையின் ஓரம் உருகிச் சற்றே கீழிறங்கியிருக்கும். அதற்குள் இருக்கும் பின் வெள்ளிப் பளபளப்பை இழந்து நீலமும் கருப்புமாக இருக்கும். அதற்குச் சென்ற ஒயரின் இன்சுலேஷன் ஓரிரு அங்குலத்துக்கு விறைத்துப்போய், வளைத்தால் வெடிக்கும். இப்படிப்பட்ட பின்னை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டுவதில் பயனில்லை. கருமை போகலாம்; போன ஸ்பிரிங் விசை திரும்பாது.

கருகிய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

வீடு போய்ச் சேரும் வரைக்கும் போதும். முறுக்கிய இணைப்பில் இழைகளை இறுக்கிப் பிடிக்க நிலையான விசை எதுவும் இல்லை. எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை வழிந்து சுற்று அவிழ்ந்துவிடும். கப்ளரே வேண்டாம் என்ற முடிவு தவறன்று. ஸ்டேட்டர் ஒயர்களைக் கப்ளர் இல்லாமல் நேரடியாக இணைத்துவிடுவது பலர் கையாளும் நல்ல வழிதான். அப்படிச் செய்வதானால், செம்புக் குழாய் இணைப்பானை வைத்துக் கிரிம்ப் செய்து, அதாவது கருவியால் ஒயரின் மேல் இறுக அமுக்கி, உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடுபட்டால் சுருங்கும் உறை) போட்டு மூடுங்கள். மூன்று இணைப்புகளும் ஒரே இடத்தில் பருத்து நிற்காமல் முன்பின்னாக அமையும்படி ஒயர்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஒயரும் ஒரே மஞ்சள் நிறம். எதை எதோடு சேர்ப்பது?

எப்படி வேண்டுமானாலும் சேர்க்கலாம். மூன்று ஃபேஸ் ஸ்டேட்டரின் மூன்று ஒயர்களுக்கும் ஆர்ஆர் யூனிட்டில் முன்பின் வரிசை கிடையாது. ஆர்ஆர் யூனிட்டின் பாசிட்டிவ், நெகட்டிவ் ஒயர்களை மாற்றிவிடக் கூடாது; மாற்றினால் அந்த நொடியிலேயே உள்ளிருக்கும் டையோடுகள் போய்விடும்.

எந்த அளவு ஒயர் வாங்குவது?

சார்ஜிங் பாதைக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத, பல இழைகள் கொண்ட செம்பு ஒயரைப் பரிந்துரைப்பேன். அமெரிக்க கேஜ் (ஏடபிள்யூஜி) கணக்கில் 14 கேஜ் ஏறத்தாழ 2.1 சதுர மில்லிமீட்டர், 12 கேஜ் ஏறத்தாழ 3.3. 2.5 அளவு ஒயரில் ஒரு மீட்டருக்குத் தடை ஏறக்குறைய 0.008 ஓம் என்பதால், 15 ஆம்பியரில் 0.12 வோல்ட்தான் இழப்பு. ஒரு கெட்ட பின் தின்னும் 1.5 வோல்ட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒயரைப் பெருக்கிக்கொண்டே போவதைவிட இணைப்பைத் திருத்துவதில்தான் பலன் அதிகம். மேலும், கப்ளரின் பின்னுக்குள் அடங்காத தடித்த ஒயரை வாங்கிவந்து, இழைகளில் சிலவற்றை நறுக்கிவிட்டு நுழைப்பது மிகவும் தவறு.

செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரைத் தவிருங்கள். வெட்டிய முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதுதான் அடையாளம். இன்சுலேஷன் குறைந்தது 105 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். எஞ்சினை ஒட்டிப் போகும் பகுதிக்கு 125 டிகிரி தாங்கும் குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் உறை சிறந்தது.

ஒயரைச் சீவினால் உள்ளே செம்பு கருப்பாக இருக்கிறது. அப்படியே கிரிம்ப் செய்யலாமா?

கூடாது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே பின்னால் போங்கள். பச்சையோ கருப்போ படிந்த இழையைக் கிரிம்ப் செய்தால், ஆக்சைடையும் உள்ளே வைத்து அமுக்கியதாகிவிடும். கருமை வெகுதூரம் ஓடியிருந்தால் அந்தத் துண்டையே புது ஒயரால் மாற்றுங்கள்.

ஈயம் வைப்பது நல்லதா, கிரிம்ப் செய்வது நல்லதா?

மோட்டார் சைக்கிளின் சார்ஜிங் ஒயரிங்குக்குக் கிரிம்ப்தான் என் பரிந்துரை. ஈயம் உருகும்போது இழைகளுக்கிடையே ஊறி, இன்சுலேஷனுக்குள்ளும் சிறிது தூரம் செல்கிறது. அதுவரை உள்ள பகுதி கம்பிபோல் விறைத்துவிட, விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் அந்த எல்லையில் அதிர்வின் விசையெல்லாம் குவிந்து, இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. அது உறைக்குள்ளே நடப்பதால் வெளியே தெரியாது. தவிரவும், 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்தது) 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். மேலே சொன்னபடி ஒரு பின் சூடேறத் தொடங்கினால், ஈயத்தை நம்பிய இணைப்பு முதலில் கைவிட்டுவிடும்.

அதிர்வே இல்லாதபடி இணைப்பின் இருபுறமும் ஒயரைக் கட்டி நிறுத்த முடிந்தால், நன்றாக வைத்த ஈயமும் நீடித்து உழைக்கும். மோசமாகச் செய்த கிரிம்பைவிட அது மேலானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிரிம்ப் செய்துவிட்டு, பாதுகாப்புக்கு மேலே ஈயமும் வைத்துவிடலாமா?

வேண்டாம். சரியான கிரிம்புக்கு ஈயம் எதையும் கூட்டுவதில்லை. முந்தைய பதிலில் சொன்ன விறைப்பை மட்டும் கொண்டுவருகிறது. ஒயர் முனையில் முன்னதாகவே ஈயம் பூசிவிட்டுக் கிரிம்ப் செய்வது இன்னும் தவறு. அழுத்தத்துக்கு உட்பட்ட ஈயம் நாளாவட்டத்தில் நழுவி இடம் விட்டுவிடும், கிரிம்ப் தளர்ந்துவிடும்.

கட்டிங் பிளேயரால் அமுக்கினாலும் ஒயர் பிடித்துக்கொள்கிறதே, தனிக் கருவி எதற்கு?

பிடித்துக்கொள்வது வேறு, கிரிம்ப் ஆவது வேறு. நல்ல கிரிம்பில் இழைகள் தம் வட்ட வடிவத்தை இழந்து, ஒன்றோடொன்றும் டெர்மினலின் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டின்) சுவரோடும் நெருங்கி, காற்றும் ஈரமும் புக இடமில்லாமல் ஆகின்றன. பிளேயர் டெர்மினலைத் தட்டையாக்குகிறது. இழைகளுக்கிடையே இடைவெளி அப்படியே இருக்கிறது. முதல் நாள் இரண்டும் ஒரே வோல்ட்டேஜ் காட்டும். சில மழைக்காலம் போன பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

சரி, எந்தக் கிரிம்பிங் கருவி வாங்குவது? படத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

முதலில் டெர்மினலை முடிவு செய்யுங்கள், பிறகு அதற்கான டையை (கருவியின் வாயில் அமர்ந்து டெர்மினலை அமுக்கும் அச்சு), கடைசியாகக் கருவியை. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான் கருவி இருந்தும் கிரிம்ப் சரியாக அமைவதில்லை. வண்டிக் கப்ளர்களுக்குள் இருக்கும் பின்களில் மிகுதியானவை, பின்பக்கம் இரண்டு ஜோடிச் சிறகுகள் திறந்து நிற்கும் வகை. முன் ஜோடி செம்பைப் பிடிக்கிறது, பின் ஜோடி இன்சுலேஷனைப் பிடிக்கிறது. இவற்றுக்குச் சிறகுகளைச் சுருட்டி நடுவில் இறக்கும் டை வேண்டும். எஃப் வகை என்றும் பி வகை என்றும் விற்பார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் உறை போட்ட டெர்மினல்களுக்கு நீள்வட்ட டை. அந்த நிறங்கள் ஒயர் அளவைக் குறிக்கின்றன: சிவப்பு 0.5 முதல் 1.5, நீலம் 1.5 முதல் 2.5, மஞ்சள் 4 முதல் 6 சதுர மில்லிமீட்டர். பேட்டரி லக்குகளுக்கு அறுகோண டை கொண்ட பெரிய கருவி தேவை. டாய்ச் (Deutsch) என்ற பெயரில் வரும் கப்ளர்களின் திடப் பின்களுக்கு நான்கு பக்கமிருந்து குத்தும் தனிக் கருவி இருக்கிறது. இந்த வகையைச் சார்ஜிங் பாதையில் போடுபவர்கள் பின் அளவைப் பார்க்க வேண்டும்: டிடி வரிசையின் 16 அளவுப் பின் 13 ஆம்பியருக்கும், டிடிபி வரிசையின் 12 அளவுப் பின் 25 ஆம்பியருக்கும் உரியது. சார்ஜிங்குக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், டை மாற்றக்கூடிய ராட்செட் கருவியை, எஃப் வகை டையோடு வாங்குங்கள். மற்ற டைகளைத் தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது வெறுமனே மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரு டைகளும் நேருக்கு நேர் வந்து அமர வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. தகட்டை வெட்டிச் செய்த, ஒயர் சீவுவதும் போல்ட் வெட்டுவதும் கிரிம்ப் செய்வதும் ஒன்றாகச் சேர்ந்த பல்வேலைக் கருவியைச் சார்ஜிங் ஒயரிங்குக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ராட்செட் அவசியமா?

அவசியம். தேவையான அழுத்தம் முழுமையாகக் கிடைக்கும் வரை அது திறக்காது என்பதால், முதல் கிரிம்பும் கை ஓய்ந்த பிறகு செய்யும் கடைசிக் கிரிம்பும் ஒன்றாகவே இருக்கும். தவறாக மாட்டிக்கொண்டால் விடுவிக்கச் சிறிய நெம்புகோல் ஒன்றும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பல்சக்கரம் ஒன்றும் பெரும்பாலான கருவிகளில் உண்டு.

செய்த கிரிம்ப் சரியா தவறா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

பெருமளவு முடியும். திறந்த சிறகு வகைப் பின்னை எடுத்துக்கொள்வோம். முன் சிறகுகள் இரண்டும் நடுவில் சந்தித்து, உள்நோக்கி மடங்கி, இழைகளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் ஒயருக்கு டை பொருந்தவில்லை. முன்புறம் இழைகள் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தூரிகைபோல் வெளியே தெரிய வேண்டும். இரு ஜோடிச் சிறகுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் செம்பும் இன்சுலேஷனும் சேர்ந்தே தெரிய வேண்டும். செம்பு மட்டும் தெரிந்தால் அதிகமாகச் சீவியிருக்கிறீர்கள், இன்சுலேஷன் மட்டும் தெரிந்தால் அது முன் சிறகுக்குள் சிக்கியிருக்கலாம். முன் சிறகின் பின் விளிம்பு சற்றே வாய் விரிந்திருக்க வேண்டும். கூராக இருந்தால் அது இழைகளை அறுக்கும். பின் சிறகுகள் இன்சுலேஷனை அணைத்திருக்க வேண்டும், துளைத்திருக்கக் கூடாது.

அதன் பிறகு கையால் உறுதியாக இழுங்கள். வரவே கூடாது. புது வகை டெர்மினல் கைக்கு வந்தால், வண்டியில் வைப்பதற்கு முன் துண்டு ஒயரில் ஒன்றிரண்டு செய்து, ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் இழைகள் பலகோணங்களாக நெருங்கி, ஏறக்குறைய ஒரே செம்புப் பரப்பாகத் தெரிந்தால் டை சரி. வட்ட வட்டமாகத் தனித்தனியே தெரிந்தால் அழுத்தம் போதவில்லை. டையில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. தகட்டின் தடிமன் டெர்மினலுக்கு டெர்மினல் மாறுகிறது.

பழைய பின்னைக் கப்ளரிலிருந்து எப்படிக் கழற்றுவது? இழுத்தால் வரமாட்டேன் என்கிறது.

இழுக்காதீர்கள். பின்னின் முதுகில் உள்ள சிறிய நாக்கு கப்ளரின் படியில் மாட்டியிருக்கிறது. கப்ளரில் இரண்டாவது பூட்டு இருந்தால் அதை முதலில் திறந்து, ஒயரைச் சற்று உள்நோக்கித் தள்ளி, முன்பக்கமாக மெல்லிய தட்டைக் கருவியை விட்டு நாக்கை அமுக்கினால், பின் எளிதாக வெளியே வரும். புதுப் பின்னை மாட்டும்போது நாக்கு விழும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு மெதுவாக இழுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கப்ளருக்குள் கிரீஸ் தடவலாமா? அது மின்சாரத்தைத் தடுக்காதா?

சிலிக்கோன் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. அதன் வேலையும் அது அன்று. பின்கள் அழுத்தமாகச் சேரும் புள்ளியிலிருந்து கிரீஸ் விலகிவிடும். சுற்றியுள்ள இடத்தை நிரப்பி ஈரத்தை வெளியே நிறுத்தும். மெல்லிய பூச்சு போதும். தளர்ந்த பின்னை இது சரிசெய்யாது.

ஆர்ஆர் யூனிட்டிலிருந்து பேட்டரிக்கு நேரடியாகத் தனி ஒயர் இழுத்துவிடலாமா?

தாராளமாக. மெயின் ஒயரிங்கில் பல கப்ளர்களைத் தாண்டிச் செல்லும் பழைய வண்டிகளில் இது நல்ல பலன் தரும். பாசிட்டிவ் ஒயரில் பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் வையுங்கள். அந்த ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் பெருமளவு மின்னோட்டம் பேட்டரியிலிருந்துதான் பாயும். ஃபியூஸ் ஆர்ஆர் யூனிட் பக்கம் இருந்தால் ஒயர் எரிந்துபோகும். எர்த்துக்கும் தனி ஒயர் இழுத்துப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுவதும், முடிந்த பிறகு அதைக் கடைசியாக மாட்டுவதும் கட்டாயம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றியும் வண்டி நிற்கவில்லை. அப்படியானால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தை உள்வாங்கிக்கொள்ளும் பேட்டரி திடீரென விலகும்போது எழும் வோல்ட்டேஜ், ஆர்ஆர் யூனிட்டையும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவையும் கெடுத்துவிடக் கூடும். மீட்டர் சொல்லும் செய்தியைவிட அதிகமாக இது எதையும் சொல்வதுமில்லை.

ஹெட்லைட்டை எல்இடியாக மாற்றினால் ஸ்டேட்டருக்குச் சுமை குறையும்தானே?

ஆர்ஆர் யூனிட்டின் வகையைப் பொறுத்தது. ஷன்ட் வகை யூனிட், வண்டிக்குத் தேவைப்படாத மின்னோட்டத்தை ஸ்டேட்டருக்கே ஷார்ட் செய்து திருப்பிவிடுகிறது. விளக்கு குறைவாக எடுத்தால் திருப்பிவிடும் பங்கு கூடும். ஸ்டேட்டரும், அதன் கப்ளரும், யூனிட்டும் முன்போலவே சூடாகும். சீரீஸ் வகை யூனிட் தேவை முடிந்ததும் பாதையைத் திறந்துவிடுவதால், அதில் எல்இடி மாற்றம் உண்மையாகவே ஸ்டேட்டரின் சூட்டைக் குறைக்கும். இரண்டிலும் பேட்டரிக்குக் கிடைக்கும் பங்கு கூடுகிறது என்பது மட்டும் பொது.

ஆர்பிஎம் ஏற்றினால் பேட்டரியில் 15.2 வோல்ட் காட்டுகிறது. புது ஆர்ஆர் யூனிட் போட்டும் அதே நிலைதான். எப்படி?

உங்கள் யூனிட்டில் சென்ஸ் ஒயர் என்ற தனி மெல்லிய ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் யூனிட், பேட்டரியின் வோல்ட்டேஜை இந்த ஒயர் வழியாக, பெரும்பாலும் இக்னிஷன் ஸ்விட்சைத் தாண்டி வரும் பாதையில் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பாதையில் தேய்ந்த ஸ்விட்சோ கருகிய பின்னோ இருந்து 0.8 வோல்ட் இழப்பு ஏற்பட்டால், யூனிட் தன் பக்கம் 14.4 வோல்ட் வரும் வரை ஏற்றிக்கொண்டே போகும். பேட்டரியில் அது 15.2 ஆக நிற்கும். யூனிட் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அதற்குக் கிடைக்கும் தகவல்தான் பிழை.

சென்ஸ் ஒயர் இல்லாத வண்டியில் இதே மாதிரியான கெட்ட இணைப்பு சார்ஜிங் ஒயரில் இருந்தால் விளைவு தலைகீழாகும்: யூனிட் தன் முனையில் 14.4 பார்த்துத் திருப்தியடைய, பேட்டரிக்கு 13.6 தான் போய்ச் சேரும். உங்கள் வண்டியில் இக்னிஷனைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, யூனிட்டின் சென்ஸ் ஒயருக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே டிசி வோல்ட் அளந்து பாருங்கள். இழப்பு தெரிந்தால் ஸ்விட்ச், ஃபியூஸ் பெட்டி, கப்ளர் என்று மீட்டரை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்து, எந்த இடத்தில் எண் தாவுகிறதோ அங்கே பின்னை மாற்றுங்கள். இழப்பே இல்லாமல் 15-ஐத் தாண்டினால், யூனிட்டின் எர்த் பக்கத்தையும் அதே முறையில் சோதித்துவிட்டு, அதன் பிறகு யூனிட்டைச் சந்தேகியுங்கள்.